கடலடிக் களிமண்ணில் மீத்தேன் ஹைட்ரேட்

நீர் கூடினால் களிமண் குழையும், வற்றினால் இறுகும் என்பது பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் அன்றாட அறிவு. கடலடிக் களிமண்ணில் நீருடன் மீத்தேனும் சேர்வதுண்டு. மிகுந்த அழுத்தத்திலும் குளிரிலும் நீர் மூலக்கூறுகள் கூண்டுபோல் அமைந்து மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்கின்றன. பனிக்கட்டி போன்ற இத்திண்மமே மீத்தேன் ஹைட்ரேட். 1930களில் எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்ளும் தொல்லையாகத்தான் பொறியாளர்கள் இத்தகைய ஹைட்ரேட்டுகளை அறிந்தனர்.

இந்தியத் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் துளையிடல் பயணம் 2006-இல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பலில் நடந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் 10-ஆம் எண் தளத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் இருந்தது. மணற்படிவில் அது துகள்களின் இடைவெளிகளை நிரப்பும். இங்கோ நுண்களிமண்ணின் செங்குத்தான விரிசல்களில் நரம்பு நரம்பாகப் படிந்திருந்தது.

ஹைட்ரேட் சேர்ந்த படிவில் ஒலி விரைந்து செல்லும், மின்தடையும் உயரும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஹைட்ரேட் கடத்தாது. ஆனால் செங்குத்து விரிசல்கள் மின்தடைக் கணக்கைக் குழப்பின. ஹைட்ரேட் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்ட வாய்பாடு அதன் அளவை மிகைப்படுத்திக் காட்டியது. கடலடி அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மண்மாதிரிகளிலிருந்து வெளியான வாயுவை அளந்தபோது கிடைத்த அளவு வெகுவாகக் குறைவு. எரிபொருள் இருப்பை மதிப்பிடும் நாட்டுக்கு இது சிறிய வேறுபாடல்ல.

சாதாரண மாதிரிகளில் அழுத்தம் குறைந்ததும் ஹைட்ரேட் சிதைகிறது. அப்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அவ்விடம் குளிர்கிறது. கப்பல் தளத்தில் அகச்சிவப்புக் கேமராவால் அக்குளிர்ந்த இடங்களைத் தேடிக் கண்டனர். இறுகியிருந்த களிமண்ணோ நீரும் வாயுவும் கலந்து கூழாகிவிடுகிறது.