‘ரிக்ரஷன்’: பின்னோக்கிப் போகாத கணக்குக்குப் பின்னடைவு என்று பெயர்

மழையளவை வைத்து விளைச்சலைக் கணிக்கக் கோடு போடுகிறோம். அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ரிக்ரஷன்’ என்று பெயர். பின்னோக்கிப் போதல் என்று பொருள். இதில் பின்னோக்கிப் போவது எது? நம் பாடநூல்கள் ‘தொடர்புப் போக்கு’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டன.

கணக்கு பெயரைவிட மூத்தது. இந்தக் கோட்டைப் போட உதவும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805லேயே அச்சேற்றிவிட்டார். பெயர் முளைத்தது பிரான்சிஸ் கால்டனின் ‘ஸ்வீட் பீ’ விதைகளில். பருத்த விதையின் வாரிசுகள் சராசரியில் அந்த அளவுக்குப் பருக்கவில்லை, சிறுத்ததன் வாரிசுகள் அந்த அளவுக்குச் சிறுக்கவுமில்லை. 1877இல் இதை ‘ரிவர்ஷன்’ என்றார், மூதாதையின் சாயலுக்குத் திரும்புதல் என்ற பொருளில். ஒட்டுறவுக் கெழுவுக்கு இன்றும் நாம் போடும் ‘ஆர்’ என்ற எழுத்து அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்து மனிதர்கள். 205 குடும்பங்கள், வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களோடு ஒப்பிடும்படி செய்துகொண்டார். பெற்றோரின் சராசரி உயரம் ஊர்ச் சராசரியைவிட 3 அங்குலம் கூடினால், பிள்ளைகளுக்குக் கூடியது சுமார் 2 அங்குலம். 1886 கட்டுரையின் தலைப்பிலேயே ‘ரிக்ரஷன்’ ஏறிவிட்டது. கால்டனின் கெட்டிக்காரத்தனம் அதற்கப்புறம்தான் தெரிகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டார். 3 அங்குலம் கூடுதலான பிள்ளைகளை எடுத்துப் பார்த்தால், அவர்களுடைய பெற்றோருக்கு 1 அங்குலம்தான் கூடுதல்! பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு மரபு ஏறிப்போகாது. ஆக, ‘திரும்புதல்’ ரத்தத்தில் மட்டும் இல்லை. ஓர் ஓரத்தில் இருப்பவர்களை நாம் பொறுக்கியெடுக்கும் விதத்திலேயே இருக்கிறது.

1897இல் புள்ளியியலாளர் யூல் இந்தக் கோட்டை எல்லாத் தரவுக்கும் பொதுவாக்கினார். உயரம் உதிர்ந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயரின் பிறப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹொரேஸ் செக்ரிஸ்ட் சாட்சி. 1920இன் கணக்குப்படி வியாபார நிறுவனங்களைத் தரம் பிரித்துப் பத்தாண்டு தொடர்ந்தார். மேலே இருந்தவை இறங்கின, கீழே இருந்தவை ஏறின. போட்டி எல்லாரையும் நடுத்தரமாக்குகிறது என்று 1933இல் கனத்த புத்தகமே போட்டுவிட்டார். மதிப்புரை எழுதிய ஹரால்ட் ஹோட்டலிங் ஒரே கேள்வியில் அதைச் சாய்த்தார்: கடைசி ஆண்டை வைத்துத் தரம் பிரித்தால்? அதே நிறுவனங்கள் ஆண்டுக்காண்டு விலகிப் போவதாகத் தெரியும். யானைகளை வரிசையாக நிறுத்திப் பெருக்கல் வாய்பாட்டை நிரூபித்த மாதிரி இருக்கிறது என்று பின்னர் கிண்டலும் செய்தார்.

செக்ரிஸ்டுகள் இன்னும் இருக்கிறார்கள். போன வருடம் விபத்து மிகுந்த சந்திப்புகளாகத் தேர்ந்து கேமரா வைத்து, இந்த வருடம் குறைந்துவிட்டது என்று அறிக்கை தருகிறார்கள். அதே அளவு விபத்து நடந்தும் கேமரா வைக்காமல் விட்ட சந்திப்புகளில் எவ்வளவு குறைந்தது என்ற பத்தி அந்த அட்டவணையில் இருக்காது.