மொழி மட்டும் விடுபட்ட தெரு: ஷென்மூ, ஹாங்காங், சிவாஜிநகர்

1999 டிசம்பர் 29 அன்று ஜப்பானில், சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்காக 'ஷென்மூ' என்னும் வீடியோ கேம் வெளிவந்தது. தந்தையைக் கொன்றவனைத் தேடிச் செல்லும் ரியோ ஹசூகி என்ற இளைஞனின் கதை அது. குங்ஃபூத் திரைப்படங்கள் பலமுறை சொன்ன பழிவாங்கும் கதைதான். அந்த ஆட்டத்துக்கு வரலாற்றில் இடம் பெற்றுத் தந்தது அக்கதை நிகழும் தெரு. மழை, கடை திறக்கும் நேரம், அண்டை வீட்டாரின் அன்றாட நடமாட்டம் ஆகியவற்றை அதற்கு முன் எந்த ஆட்டமும் அத்துணை நுட்பமாகப் பதிவு செய்ததில்லை. ஆயினும் அந்த நுட்பம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவ்விடம் மொழி. பெங்களூரின் சிவாஜிநகர் போன்றதொரு பன்மொழிக் கடைத்தெருவிலிருந்து நோக்கும்போது இந்த எல்லை துலக்கமாகப் புலப்படும்.

ஷென்மூவின் ஆசிரியர் யு சுசூகி 1983-இல் சேகாவில் சேர்ந்தவர். 1985-இல் 'ஹாங்-ஆன்' என்ற மோட்டார் சைக்கிள் பந்தய ஆட்டத்தையும், 1993-இல் முப்பரிமாணச் சண்டை ஆட்டங்களுக்கு வழிவகுத்த 'விர்ச்சுவா ஃபைட்டர்' ஆட்டத்தையும் உருவாக்கினார். பின்னதன் நாயகன் அகிராவின் சண்டை முறை, சீனத்தின் பாஜிச்சுவான் மரபைச் சார்ந்தது. தற்காப்புக் கலைகளை நேரில் கண்டறியச் சுசூகி சீனாவுக்கும் பயணம் செய்தார். ஷென்மூ முதலில் அகிராவையே நாயகனாகக் கொண்ட கதையாட்டமாகத் திட்டமிடப்பட்டது. காலப்போக்கில் அகிரா மறைந்து ரியோ வந்தான். சண்டைக்கூடத்தின் எல்லை விரிந்து ஊராயிற்று.

அந்த ஊர் ஜப்பானின் துறைமுக நகரமான யோகோசுகா. காலம் 1986-ஆம் ஆண்டின் குளிர்காலம். டோபுயிட்டா என்ற உண்மையான கடைத்தெரு ஆட்டத்தின் நடுக்களம். அங்கு நடமாடும் ஒவ்வொருவருக்கும் பெயர், குரல், வேலை, அன்றாட நேர ஒழுங்கு ஆகியவை வகுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் காலையில் கடை திறப்பார். மாலையில் மூடிவிட்டு வீடு திரும்புவார். அவரைச் சந்திக்க வேண்டுமெனில் ரியோ அந்நேரத்தில் அங்கு இருக்க வேண்டும். 1986-87 குளிர்காலத்தின் உண்மையான வானிலைப் பதிவுகளின்படி மழையும் பனியும் பெய்யும்வண்ணம் ஆட்டத்தை அமைத்துக்கொள்ளவும் வழியிருந்தது. தற்காப்புக் கலையும் இந்த அன்றாடத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஓர் அடவைப் பெரியவர் ஒருவரிடமோ ஒரு சுருளேட்டிலிருந்தோ கற்று, ஆளில்லாத வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் பயின்றால்தான் அது கைவரும். பழிவாங்கப் புறப்பட்டவன் நெடுநேரம் செய்யும் வேலை, தெருவில் நின்று பிறரிடம் கேள்வி கேட்பதே.

இதன் ஆக்கச் செலவு 4.7 கோடி டாலர் என்று சுசூகி பின்னர்க் கூறினார். அக்காலத்தில் வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு பணம் செலவிடப்பட்டதில்லை. விற்பனை அதனை ஈடு செய்யவில்லை. 2001-இல் சேகா ட்ரீம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்தியது. எனினும் நகரத்தைச் சுற்றித் திரியும் 'திறந்த உலக' ஆட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் எவரும் ஷென்மூவைக் கடந்து செல்வதில்லை.

மொழியியல் நோக்கில் இவ்வாட்டத்தின் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. ரியோவின் தந்தைக்குச் சீன மொழியில் ஒரு கடிதம் வருகிறது. ரியோவால் அதனைப் படிக்க இயலவில்லை. அண்டையில் வாழும் சீனர்களை நாடிச் செல்ல வேண்டியிருக்கிறது. இங்கு மொழி ஒரு தடையாக, கதையை நகர்த்தும் சிக்கலாக நிற்கிறது. 2001-இல் வெளிவந்த 'ஷென்மூ II' ஆட்டத்தில் ரியோ 1987-ஆம் ஆண்டின் ஹாங்காங்கில் இறங்குகிறான். அங்கு அத்தடை முற்றிலும் நீங்கிவிடுகிறது. துறைமுகத் தொழிலாளி, மடத்துத் துறவி, கௌலூன் மதில் நகரத்துச் சூதாடி என அனைவரும் அவனோடு ஜப்பானியத்தில் உரையாடுகின்றனர். அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் அனைவரும் ஆங்கிலம் பேசினர். கன்டோனீயம் பேசும் நகரத்தில் கன்டோனீயம் இல்லை. ஒரு கடிதத்தைப் படிக்க முடியாமல் திகைத்தவன், ஒரு நகரத்தோடு தங்குதடையின்றிப் பேசுகிறான்.

இதன் இழப்பை அளவிடக் கௌலூன் மதில் நகரம் ஒன்றே போதும். அதனை இடிக்கும் முடிவு 1987 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 1993 மார்ச்சில் தொடங்கிய இடிப்பு 1994 ஏப்ரலில் நிறைவுற்றது. ஆட்டம் வந்தபோது நகரம் இல்லை. அதன் இருண்ட படிக்கட்டுகளைப் போன்றவற்றில் இன்றும் ஓர் ஆட்டக்காரர் ஏறி இறங்கலாம். அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு பேசினர் என்பதை அவ்வாட்டத்திலிருந்து அறிய வழியில்லை. 2012-இல் வான்கூவரின் யுனைடெட் ஃப்ரன்ட் கேம்ஸ் உருவாக்கிய 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' இத்திசையில் ஓரடி முன்னே வைத்தது. ஹாங்காங்கைக் களமாகக் கொண்ட அந்தச் சண்டை ஆட்டத்தில் ஆங்கில உரையாடலுக்கிடையே கன்டோனீயச் சொற்களும் தொடர்களும் கலந்து வருகின்றன. எனினும் கதையின் பாரத்தை ஆங்கிலமே சுமக்கிறது.

இத்தகைய ஆட்ட உலகங்களை வனையும் உழைப்பில் பெங்களூருக்கு நேரடிப் பங்குண்டு. 1997-இல் ராஜேஷ் ராவ் இங்கு நிறுவிய 'துருவா இன்டராக்டிவ்', இந்தியாவின் முன்னோடி ஆட்ட நிறுவனங்களுள் ஒன்று. அயல்நாட்டு ஆட்டங்களுக்குரிய உருவங்களையும் பொருள்களையும் வரைந்து தருவது அதன் முதன்மைத் தொழிலாக வளர்ந்தது. 2016-இல் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனமும் 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனமும் அதனை அடுத்தடுத்து வாங்கின. 1899-ஆம் ஆண்டின் அமெரிக்க மேற்கை விரித்துக் காட்டும் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018) ஆட்டத்தை உருவாக்கிய கிளைகளுள் பெங்களூரின் ராக்ஸ்டார் இந்தியாவும் ஒன்று. அயலாரின் தெருக்களை உயிர்ப்போடு வனையும் தொழில்திறன் இந்நகரத்தில் இருக்கிறது. இந்நகரத்தின் தெரு ஒன்றை அவ்வாறு வனைவதாயின் என்ன வேண்டும் என்ற வினா இங்கிருந்து எழுகிறது.

அதற்குச் சிவாஜிநகர் ஏற்ற களம். டோபுயிட்டா, யோகோசுகாவின் கடற்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்து, அமெரிக்க மாலுமிகளை வாடிக்கையாளராகக் கொண்ட தெரு. 'பிளாக்பள்ளி' என்று முன்பு வழங்கிய சிவாஜிநகரும் அயலார் படையை ஒட்டி வளர்ந்த கடைவீதியே. 1809-இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து தமிழ் பேசும் வீரர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் பணியாளர்களும் இங்குக் குடியேறினர். 1881-இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பிய பின்னும் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் இப்பகுதி ஆங்கிலேயர் ஆளுகையிலேயே நீடித்தது. 1947-இல்தான் மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

இவ்வரலாறு தெருப்பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு, இப்ராகிம் சாகிப் தெரு, மீனாட்சி கோயில் தெரு, ஓல்டு புவர் ஹவுஸ் ரோடு ஆகியன நடந்து கடக்கும் தொலைவில் அமைந்தவை. தூய மரியன்னை பேராலயத்தின் செப்டம்பர்த் திருவிழாவில் தமிழ் வழிபாடு நிகழும். அருகிலுள்ள ரசல் மார்க்கெட்டில் ஒரே வணிகர், வருபவரின் முகத்தையும் முதற்சொல்லையும் அறிந்து, தமிழிலோ தக்கனி உருதுவிலோ கன்னடத்திலோ விலை பேசுவார்.

இம்மொழிகள் அருகருகே நிற்பதோடு அமையவில்லை. ஒன்றன் இலக்கணம் மற்றொன்றினுள் புகுந்திருக்கிறது. செந்தர உருதுவில் 'கூறினான்' என்ற வினை முன்வரும். 'கி' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் கூறிய செய்தி வரும். தக்கனியில் செய்தி முதலில் வந்து, அதன்பின் 'போல்கே' என்ற சொல் வரும். தமிழில் 'வருகிறேன் என்று சொன்னான்' என்னும் தொடரில் 'என்று' நிற்குமிடமும் அதுவே. கன்னடத்தின் 'எந்து', தெலுங்கின் 'அனி' ஆகியவையும் இவ்வாறே அமையும். மகாராட்டிரத்தின் குப்வார் ஊரை ஆராய்ந்த ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971-இல் இத்தகைய இலக்கண ஒருங்கிணைவை விரிவாகக் காட்டினர். சொற்கள் வேறுபட்டு நிற்க, தொடரமைப்பு ஒன்றுபடுவதே அவர்கள் கண்ட உண்மை.

ஆட்டங்களில் மொழி, தொடக்கத்தில் ஒருமுறை தேர்ந்துகொள்ளும் ஓர் அமைப்பு. தேர்ந்தபின் ஊர் முழுவதும் அம்மொழியையே பேசும். சிவாஜிநகரில் மொழி, ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக எடுக்கப்படும் முடிவு. யாரிடம் எம்மொழியில் தொடங்குவது, எப்போது மாறுவது, விலை குறைக்க எதற்குத் தாவுவது என்பவற்றில் உறவும் மதிப்பும் அச்சமும் அடங்கியுள்ளன. 1986-ஆம் ஆண்டின் மழையை வானிலை நிலையத்தின் ஏடுகளிலிருந்து மீட்க முடிந்தது, எவரோ அதனை நாள்தோறும் குறித்துவைத்திருந்ததால். கடைத்தெருவின் மொழி மாற்றங்களை அவ்வாறு நாள்தோறும் குறிக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரின் தாய்மொழியையும் அவர் அறிந்த பிற மொழிகளையும் பதியுமேயன்றி, அவற்றை அவர் எவரிடம் எப்போது பேசுகிறார் என்பதைப் பதிவதில்லை.

2012 பிப்ரவரியில் ரசல் மார்க்கெட்டில் மூண்ட தீ, கடைகள் பலவற்றை அழித்தது. நிலத்தடி மெட்ரோப் பணிகள் அப்பகுதியின் நடமாட்டத்தை மாற்றி வருகின்றன. கட்டடங்களுக்கு ஒளிப்படங்களும் வரைபடங்களும் உண்டு. கன்னடம் பேசும் பள்ளிகளில் பயிலும் பேரப்பிள்ளைகளோடு தமிழிலும் தக்கனியிலும் மாறி மாறிப் பேசும் முதியோரின் உரையாடலுக்கு அத்தகைய காப்பு இல்லை. யோகோசுகா நகரம் பின்னாளில் ஷென்மூவின் இடங்களைக் காட்டும் வழிகாட்டி வரைபடத்தையே பயணிகளுக்காக வெளியிட்டது. சிவாஜிநகருக்கென ஓர் ஆட்டம் வருமா என்பது முதலீட்டைப் பொறுத்தது. அதற்கு வேண்டிய உரையாடல் பதிவுகளை இப்போதே திரட்டுவதற்கு முதலீடு வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கருவியும், பேசுவோரின் இசைவும், நான்கு மொழிகளையும் கேட்டுப் பிரித்தறியும் மாணவர்களும் போதும்.