தேங்கிக் கிடந்த இசைத்தட்டு

பக்தி இசைக்கு முதல் தடை அதன் சந்தையிலிருந்தே வரக்கூடும். இதற்கு உதாரணமாக டேனியல் ஏமஸ் என்ற ராக் குழுவை நான் சொல்வேன். தெற்குக் கலிபோர்னியாவில், ஹிப்பிகளைச் சேர்த்துக்கொண்ட கால்வரி சேப்பலின் நிழலில் வளர்ந்த குழு. 1976-ல் மரநாதா நிறுவனம் வெளியிட்ட இவர்களுடைய முதல் தட்டு, சாதுவான கன்ட்ரி இசை. 1978-ல் பதிவைத் தொடங்கிய 'ஹொரண்டஸ் டிஸ்க்' ராக்குக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் அது கடைக்கு வந்தது 1981-ல்தான். சில வார இடைவெளியில் நியூ வேவ் பாணியில் 'அலார்மா!'வும் வந்தது. இடைப்பட்ட வளர்ச்சியைக் கேட்க வாய்ப்பில்லாத ரசிகனுக்கு அது திடீர்த் துரோகமாகப் பட்டிருந்தால் வியப்பில்லை.

பாடலாசிரியர் டெர்ரி டெய்லர் பின்வாங்கவில்லை. 'அலார்மா!' நான்கு தட்டுகளின் தொடராயிற்று: அடுத்து 'டாப்பல்கேங்கர்' (1983), 'வாக்ஸ் ஹ்யூமனா' (1984), 'ஃபியர்ஃபுல் சிமெட்ரி' (1986). இரண்டாவதில் எலியட்டின் வெற்று மனிதன் வருகிறான். நான்காவதின் தலைப்பே பிளேக்கினுடையது. 'நியூ கார்!' என்ற பாடல், விசுவாசத்தைப் பரிசுப் போட்டியாக்கியவர்களைக் கேலி செய்கிறது. கேலிக்கு ஆளாகிறவன் நாஸ்திகனல்ல, சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்.

விசுவாசத்தை விடாமலே அதன் வியாபாரத்தோடு இவர்கள் சண்டை போட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சண்டை விளங்காது. எனக்கு இவர்கள் முக்கியமாவது இதனால்தான்.