கல்லீரல் உயிரணுக்களில் இழைமணி நச்சுகள்

இழைமணி நச்சுகள் என்பவை உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி மையங்களான இழைமணிகளின் செயற்பாட்டைக் குலைக்கும் வேதிப்பொருட்கள் ஆகும். இழைமணி, மைட்டோகாண்ட்ரியா எனவும் அழைக்கப்படுகிறது. கல்லீரல் உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 1000 முதல் 2000 இழைமணிகள் உள்ளன. மருந்துகள் பலவும் கல்லீரலிலேயே வேதிமாற்றம் அடைவதால் இவ்வுறுப்பு இந்நச்சுகளால் எளிதில் பாதிக்கப்படுகிறது.

தாக்கும் இடங்கள்

இழைமணியின் உட்சவ்விலுள்ள புரதத் தொகுதிகள் எலக்ட்ரான்களை ஆக்சிசனுக்குக் கடத்தும்போது புரோட்டான்கள் வெளியே செலுத்தப்படுகின்றன. அவை ஏடிபி சிந்தேசு என்னும் நொதியின் வழியே உள்ளே திரும்புகையில், ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது.

* ரோட்டினோன்: முதலாம் தொகுதியைத் தடுக்கிறது.
* ஆன்டிமைசின் ஏ: மூன்றாம் தொகுதியைத் தடுக்கிறது.
* சயனைடு: நான்காம் தொகுதியைத் தடுக்கிறது.
* ஒலிகோமைசின்: ஏடிபி சிந்தேசைத் தடுக்கிறது.
* டைநைட்ரோபீனால்: புரோட்டான்களை நொதியின் வழியன்றி உள்ளே கசியவிடுகிறது, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது.

ஆற்றல் இழப்பும் உயிரணு இறப்பும்

இழைமணிகள் முடங்கினால் உயிரணு கிளைக்காலிசிசு எனப்படும் சர்க்கரைச் சிதைவை நம்பியிருக்க வேண்டும். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இம்முறையில் 2 ஏடிபி மட்டுமே கிடைக்கும். முழுமையான ஆக்சிசனேற்றத்தில் ஏறத்தாழ 30 கிடைக்கும்.

ஏடிபி பெருமளவு குறைந்தால் அயனிச் சமநிலை குலைந்து, உயிரணு வீங்கி வெடிக்கிறது. இது நசிவு எனப்படும். ஏடிபி ஓரளவு எஞ்சியிருந்தால் இழைமணியிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறி, திட்டமிடப்பட்ட உயிரணு இறப்பு நிகழக்கூடும். இவ்வகை இறப்புக்கும் ஏடிபி தேவை.

எலக்ட்ரான் கடத்தல் தடுக்கப்பட்ட எலிக் கல்லீரல் உயிரணுக்களுக்குப் பிரக்டோசு அளிக்கப்பட்டபோது அவற்றின் இறப்பு தடுக்கப்பட்டது. பிரக்டோசின் சிதைவால் கிடைக்கும் சிறிதளவு ஏடிபியே இதற்குக் காரணம். டைநைட்ரோபீனால் போன்றவை செயல்படும்போது ஏடிபி சிந்தேசு எதிர்த்திசையில் இயங்கி, இருக்கும் ஏடிபியையும் சிதைக்கிறது. இந்நிலையில் ஒலிகோமைசின் என்ற நச்சே, பிரக்டோசுடன் சேர்ந்து உயிரணுவைக் காக்கிறது.

பியலூரிடின் நிகழ்வு

1993இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில், ஈரலழற்சி பி நோய்க்கான பியலூரிடின் என்னும் மருந்து 15 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 7 பேருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது. 5 பேர் இறந்தனர். கல்லீரல் மாற்று அறுவை மூலம் 2 பேர் பிழைத்தனர். இம்மருந்து இழைமணியின் டி.என்.ஏ.வில் இணைந்து அதன் பெருக்கத்தைத் தடுத்ததால், மருந்தை நிறுத்திய பின்னரும் பாதிப்பு தொடர்ந்தது.

முந்தைய விலங்குச் சோதனைகள் இந்த ஆபத்தைக் காட்டவில்லை. மனித இழைமணிச் சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதம் மருந்தை உள்ளே எடுத்துச் செல்கிறது என்பதும், சுண்டெலியின் இழைமணிகளில் அது அவ்வாறு அமைவதில்லை என்பதும் 2006இல் அறியப்பட்டன.

நச்சுச் சோதனை

ஆய்வகத்தில் மிகுதியான குளுக்கோசில் வளர்க்கப்படும் கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்கள், இழைமணிகள் செயலிழந்தாலும் பிழைத்துவிடுகின்றன. எனவே நச்சுத்தன்மை மறைந்துவிடக்கூடும். குளுக்கோசுக்கு மாற்றாகக் கேலக்டோசு அளித்தால் அவை இழைமணிகளையே சார்ந்திருக்க வேண்டியிருப்பதால் நச்சுத்தன்மை வெளிப்படுகிறது. புதிய மருந்துகளை மனிதருக்கு அளிக்கும் முன் ஆராய இம்முறை பயன்படுகிறது.