வருகலாமோ: ஒரு கேள்வியின் பாடபேதங்கள்

கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ ஐயா' எனக்குப் பிடித்த பாட்டு என்றால் இலக்கிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். பக்திப் பாட்டில் நமக்கென்ன வேலை என்ற சிரிப்பு. ஆனால் அந்தப் பாட்டு இடம்பெறும் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' புத்தகமானதில் நான் குமாஸ்தாவாக இருக்கும் காரைக்காலுக்குப் பங்குண்டு. 1860-களின் தொடக்கத்தில் இங்கே அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர் பாரதியின் கதாகாலட்சேபத்தில் மனம் பறிகொடுத்து, அதை அச்சேற்ற உதவினார்.

மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. பாரதி பலமுறை நடந்தார். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து தமக்குத் தாமே பாட, அதைக் கேட்டு நெகிழ்ந்த பிள்ளை பாயிரம் கொடுத்ததாக உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். நந்தனைப் பாடியவரும் ஒரு வாசலில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் கதையில் பண்ணையார் கிடையாது. தொண்டர் தில்லை எல்லையை வலம் வருகிறார். கனவில் இறைவன் சொன்னபடி தீயில் புகுந்து எழுகிறார். வேதியர் என்ற ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்தது பாரதி. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். கோயிலின் எல்லையோடு வயலின் வரப்பும் சேர்ந்துகொள்கிறது. 'வருகலாமோ' சிவனைப் பார்த்துக் கேட்கப்படுவதுதான். ஆனால் ஆண்டையிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தொண்டையிலிருந்து அது வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் காரைக்கால் துறைமுகத்தில் வேறொன்றும் நடந்தது. 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் இங்கிருந்தும் கப்பலேறினார்கள். நந்தன் பாட்டுக்கு உருகிய அதிகாரி அந்த நிர்வாகத்தைச் சேர்ந்தவர். அவருடைய ரசனையை நான் சந்தேகிக்கவில்லை. ரசனை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் பிரச்சினை.

பிறகு நந்தன் பல குரல்களுக்குப் போனான். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனானார். சம்பளம் லட்ச ரூபாய். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1939-ல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1942-ல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர். கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்ட பிறகும் பாட்டு தீரவில்லை.

கச்சேரி மேடையில் அது மாஞ்சி ராகத்தில் நிலைத்தது. பைரவியை ஒட்டியே நடக்கும் ராகம்; விளம்ப காலத்தில் கேட்க வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். கலங்கியது நந்தனுக்காகவா, மாஞ்சிக்காகவா என்று சொல்ல முடியவில்லை. கச்சேரியில் வேதியர் இல்லை, நாற்பது வேலி இல்லை. 'ஐயா' யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

அதை மீண்டும் எழுப்பியது ஒரு நாடகம். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'யில் தீ, தீயாகவே இருக்கிறது, நந்தன் எரிந்துபோகிறான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அதற்குப் பின் தீயிலிருந்து எழுந்து வரும் நந்தனை எந்தப் பிரக்ஞையோடு எழுதுவது?

போன மாதம் நான் வேலை பார்க்கும் கிளையில் ஒருவர் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் பைக்குள் பாஸ்புக். "வரலாங்களா ஐயா?" வங்கிக்குள் வர யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் நிமிராமல் கையை ஆட்டினேன். உள்ளே வந்தவர் காலி நாற்காலிகள் இருந்தும், கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

இரவு பாட்டைப் போட்டேன். 'ஐயா' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாக நந்தன் பக்கத்தில் நின்று கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.