சொல்வோரும் கேட்போரும்: பெண்களின் தன்கதை எழுத்து வளர்ந்த இரு வட்டங்கள்

வரலாற்று மாணவர்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் மூலங்கள் சாசனங்கள், அரசாங்க அறிக்கைகள், நிருவாகிகளின் குறிப்புகள், செய்தித்தாள்கள் முதலியனவாகும். இவற்றுட் பெரும்பாலானவை எழுத்தறிவும் அதிகாரமும் ஒருங்கே பெற்றோரால் ஆக்கப்பட்டவை. அடுப்படியிலும் பிரசவ அறையிலும் நிகழ்ந்தவை இவற்றில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும் எண்ணிக்கையாகவே இடம்பெறும். ஓராண்டில் இறந்த சிசுக்களின் தொகையைப் பதிவேடு தரும். அச்சிசுவைச் சுமந்தவள் பிரசவத்துக்கு முதல்நாள் வரை என்ன வேலை செய்தாள், என்ன உண்டாள், தன் துயரை யாரிடம் சொன்னாள் என்பனவற்றை அது தராது. இக்குறையை நிரப்பவல்லவை பெண்கள் தாமே எழுதிய தம் கதைகளாகும். அத்தகைய எழுத்து எச்சூழ்நிலையிற் பிறக்கிறது, தனியொருத்தியின் துணிவு மட்டும் அதற்குப் போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு விடைகாண இரு வட்டங்களை நோக்குதல் பொருத்தமாகும். ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பப் பெண்களிடையே இயங்கியது. மற்றையது, 1980களில் யாழ்ப்பாணத்தில் இயங்கியது. காலத்தாலும் வர்க்கத்தாலும் எழுத்து வகையாலும் இவை வேறுபட்டவை. ஆயினும் கேட்பதற்கு ஒரு கூட்டம் அமைந்தபோதே சொல்வதற்கு வாய் திறக்கிறது என்னும் உண்மையை இரண்டும் தத்தம் வழியில் உணர்த்துகின்றன.

இங்கிலாந்தின் கூட்டுறவு இயக்கம் பண்டகசாலைகளின் வழியே வளர்ந்தது. அப்பண்டகசாலைகளிற் சாமான் வாங்கியோர் பெண்கள். கூட்டங்களிற் பேசித் தீர்மானித்தோர் பெரும்பாலும் ஆண்கள். கூட்டுறவு இயக்கத்தின் வார இதழிற் பெண்கள் பகுதியை எழுதிவந்த அலிஸ் அக்லண்ட், மேரி லோறன்சன் ஆகியோரின் முயற்சியால் 1883 ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனத் தனி அமைப்பொன்று தோன்றியது. அதுவே பின்னர் கூட்டுறவு மாதர் சங்கம் எனப் பெயர்பெற்றது. 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் மார்கரற் லெவெலின் டேவிஸ் ஆவார்.

இச்சங்கத்தின் உயிர்நாடி அதன் கிளைகளாகும். ஆலைத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரின் மனைவியர் மாலை வேளைகளில் ஒன்றுகூடினர். தலைமை வகித்தல், கூட்ட அறிக்கை எழுதுதல், கணக்கு வைத்தல் என்பனவற்றை அங்கேயே பழகினர். ஒரு பொருள்பற்றிக் கட்டுரை எழுதி மற்றையோர் முன் வாசித்தலும் அப்பழக்கங்களுள் ஒன்று. சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு இது எளிதான காரியமன்று. அவள் தடுமாறியபோது பொறுத்துக் கேட்டவர்கள் அவளைப் போன்றே வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருந்த பெண்கள் என்பதே அவளுக்கு ஊக்கமாயிற்று. எழுத்துப் பயிற்சியும் ஒருவர்பால் ஒருவர் கொண்ட நம்பிக்கையும் அங்கு சேர்ந்தே வளர்ந்தன.

இந்நம்பிக்கையின் பயன் பேறுகாலப் பிரச்சினையிலே தெளிவாக வெளிப்பட்டது. 1911 ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் 30 சிலிங் பேறுகாலக் கொடுப்பனவை ஏற்படுத்தியது. சங்கத்தின் கிளர்ச்சியினால் 1913 இல் அக்கொடுப்பனவு தாய்க்கே உரியதெனச் சட்டம் திருத்தப்பட்டது. இதனை அடுத்து, தாய்மார் உண்மையில் அனுபவிப்பது யாது என்பதை அறியச் சங்கம் தன் கிளைகளில் நிருவாகப் பொறுப்பு வகித்தோர்க்கும் வகித்திருந்தோர்க்கும் எழுதிக் கேட்டது. 386 கடிதங்கள் வந்தன. அவற்றுள் 160 கடிதங்கள், ‘தாய்மை: உழைக்கும் பெண்களின் கடிதங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1915 இல் நூலாக வெளிவந்தன. எழுதியோரின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. பெயருக்குப் பதிலாகக் கணவரின் சம்பளமும் பிள்ளைகளின் தொகையும் கருச்சிதைவுகளின் தொகையும் குறிக்கப்பட்டன. உள்ளூராட்சிச் சபை என்னும் அரசாங்கத் திணைக்களத்தின் தலைவராயிருந்த ஹேர்பேட் சாமுவேல் அதற்கு முன்னுரை வழங்கினார்.

திட்டமான விபரம் தந்த 348 தாய்மாருக்கு உயிருடன் பிறந்த குழந்தைகள் 1,396, இறந்து பிறந்தவை 83, கருச்சிதைவுகள் 218. இவ்வெண்கள் மனதைத் தாக்குவனவே. எனினும் நூலின் வலிமை கடிதங்களிலேயே உள்ளது. பிரசவச் செலவுக்குச் சேமிப்பதற்காகத் தாம் உண்பதைக் குறைத்துக்கொண்டோர், இறுதி நாள்வரை உடுப்புத் தோய்த்தும் தரை துடைத்தும் வந்தோர், பெற்ற சில நாள்களிலேயே படுக்கையை விட்டெழுந்தோர், தம் உடலைப் பற்றி எவரும் எதுவும் சொல்லித்தராத அறியாமையை நினைத்து வருந்துவோர் எனப் பலர் அங்கே பேசுகின்றனர். அதுவரை அவர்கள் இவற்றைத் தத்தம் தலைவிதி என்றே கொண்டிருக்கக்கூடும். ஒரே வினாவுக்குப் பலநூறு வீடுகளிலிருந்து ஒரே தன்மையான விடை வந்தபோது அது விதியாக இருக்க முடியாதென்பது புலனாயிற்று. தனியே கூறியபோது முறைப்பாடாக இருந்தது, சேர்ந்து கூறியபோது சான்றாகியது. தாய் சேய் நலன் குறித்து 1918 இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு வழிகோலிய முயற்சிகளுள் சங்கத்தின் இப்பணியும் ஒன்றாகும்.

வட்டத்தின் உறுதியைச் சோதித்த நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்னும் கோரிக்கையைச் சங்கம் ஆதரித்தது. 1910 இல் அரச ஆணைக்குழு முன்னிலையில் டேவிஸ் அம்மையார் சாட்சியமளித்தபோதும் உறுப்பினரின் சொந்த அனுபவங்களே ஆதாரமாயின. இதனைக் கைவிடாமையால், மத்திய கூட்டுறவு ஒன்றியம் ஆண்டுதோறும் வழங்கிவந்த 400 பவுண் நன்கொடையை 1914 இல் நிறுத்தியது. கிளைகள் பணியவில்லை. நான்கு ஆண்டுகள் அப்பணமின்றியே சங்கம் இயங்கியது. தம் கதைகளைச் சொல்லத் தொடங்கியோர், எவற்றைச் சொல்லலாம் என்பதைப் பிறர் வரையறுக்க இடங்கொடுக்கவில்லை என்பதே இதன் பொருளாகும்.

ஆயினும் இவ்வெழுத்துக்களை மூலங்களாகக் கொள்ளும்போது விழிப்பும் அவசியம். கடிதம் எழுதியோர் கிளைகளின் பொறுப்பாளர்கள். தொழிலாளர் வர்க்கத்துள் ஓரளவு நிலைபேறுடைய குடும்பத்தினர். மிக வறியோரின் நிலை இதனினும் கொடிதாயிருக்குமென்பதை நூலின் பதிப்பாசிரியரான டேவிஸ் அம்மையாரே உணர்த்தியுள்ளார். தெரிவு செய்தவரும் கல்வியும் வசதியும் படைத்த அவரே. 1931 இல், சங்க உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து அவர் இன்னொரு நூலை வெளியிட்டார். கிழக்கு இலண்டனில் பெத்னல் கிறீன் என்னுமிடத்தில் 1855 இற் பிறந்து, சிறுமியாகவே வேலைக்குச் சென்று, பின்னர் மருத்துவிச்சியான லேய்ற்றன் என்பாரின் நினைவுகள் அதில் முதலிடம் பெறுகின்றன. அதற்கு முன்னுரைக் கடிதம் வரைந்த வேர்ஜீனியா வுல்வ், 1913 இல் நியூகாசிலில் நடைபெற்ற சங்க மாநாட்டில் தாம் அப்பெண்களின் கோரிக்கைகளால் தொடப்படாத பார்வையாளராக இருந்ததை ஒளிக்காமல் எழுதினார். பரிவு இருந்தும் வர்க்க இடைவெளி நீங்கிவிடவில்லை. கேட்பவர் யார் என்பதும் சொல்லப்படுவதைப் பாதிக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். ஈழத்துத் தமிழ்ப் பெண்கள் 1980களுக்கு முன்னரும் எழுதினர். எனினும் அவர்கள் பெரும்பாலும் தனித்தனியே, ஆண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இலக்கியக் களங்களில் எழுத வேண்டியிருந்தது. 1980களில் யாழ்ப்பாணத்தில் இயங்கிய பெண்கள் ஆய்வு வட்டம் இந்நிலையை மாற்ற முனைந்தது. அதன் வெளியீடாக 1986 இல் வந்தது ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதி. சித்திரலேகா மௌனகுரு அதனைப் பதிப்பித்தார். அ. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை, மைத்ரேயி முதலாய பத்துக் கவிஞர்களின் ஆக்கங்கள் அதில் இடம்பெற்றன. வீட்டினுள் அடங்கிய வாழ்வும், சீதனமும், காதலும், போர்க்காலத்து அச்சமும் ஒரே ஏட்டில் அருகருகே வந்தன. தலைப்பே பெண்ணெழுத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறது எனலாம்.

இங்கிலாந்துச் சங்கம் சட்டத்தை நோக்கி எழுதியது. யாழ்ப்பாண வட்டம் கவிதையை நாடியது. முன்னையது பெயரை மறைத்தது; பின்னையது பெண்களைக் கவிஞராகப் பெயர்சுட்டி நிறுத்தியது. ஆயினும் ஒருத்தியின் தனிக்குரல் மற்றையோர் குரல்களின் நடுவே வைக்கப்பட்டபோது புதிய பொருள் பெற்றமை இரண்டுக்கும் பொதுவாகும். ஒரு கவிதையைத் தனியே வாசிப்போர் அதனை ஒரு பெண்ணின் மனக்குறையென ஒதுக்கிவிடலாம். பத்துப் பேரின் கவிதைகளைச் சேர்த்து வாசிப்போர்க்கு அது கூடாது.

இத்தகைய வட்டங்கள் எவ்வளவு எளிதிற் சிதையக்கூடியவை என்பதையும் நம் வரலாறே காட்டியது. 1991 மே மாதத்திற் சிவரமணி தம் கவிதைகளைத் தீயிட்டபின் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ‘தோழி’ என்னும் சஞ்சிகையை நடத்தியவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியுமான கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் மீண்டு வரவில்லை. பேசுதற்கும் கேட்பதற்கும் இருந்த வெளி எவ்வளவு ஒடுங்கியிருந்தது என்பதற்கு இவ்விரு இழப்புகளும் சாட்சியாகும். எனினும் சிவரமணியின் குரல் முற்றாக அழியவில்லை. முன்னரே அச்சேறியவையும் பிறர் கையில் இருந்தவையும் நெருப்புக்கு எட்டாதிருந்தன. அவை 1993 இல் சித்திரலேகா மௌனகுருவால் நூலாகத் தொகுக்கப்பட்டன. எழுதியவரின் மேசையில் இருந்தவை சாம்பலாயின. பிறரிடம் பகிரப்பட்டவை எஞ்சின.

வட்டத்தின் பெறுமதியை உணர்த்த இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. பகிர்தல் எழுதுவோர்க்கு ஊக்கமளிக்கும் என்பது உண்மையே. வரலாற்று மாணவர் நோக்கில் அது பாதுகாப்பும் ஆகும். நம் கிராமங்களின் மாதர் சங்கங்களிலும், மலையகத்தின் தோட்டக் குடியிருப்புகளிலும், போரினாற் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களிலும் சொல்லப்படாத கதைகள் இன்னும் உள்ளன. அவற்றைச் சொல்லத்தக்கோர் முதியோராகி வருகின்றனர். கலைப்பீட மாணவராகிய நாம் அவர்களிடம் வினாக்கொத்துடன் செல்வதற்கு முன், அவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் அமர்ந்து கேட்கப் பழகுதல் வேண்டும். ஏட்டில் ஏறுவதற்கு முன் ஒரு கதை செவியில் ஏற வேண்டும். அந்தச் செவியைக் கொடுப்பது நம் முதற் கடமையாகும்.