குதிரையைப் படம் பிடித்தவர்

சுங்கை பஞ்சாங் வட்டாரத்துத் தோட்டங்களில் கிராணி வேலை பார்க்கும் நமக்குச் செக்ரோலில் ஆட்களின் பெயரைப் பதிவது முதற் கடமையாகும். பெயர் விடுபட்டால் அன்றையக் கூலியும் விடுபடும். இப்பழக்கத்தினாலோ என்னவோ, சினிமா பார்க்கும் பொழுதும் உழைத்தவர் பெயரைத் தேடுகின்றோம்.

ஜெய்சங்கர் குதிரையேறித் துப்பாக்கி சுழற்றிய படங்களைப் பற்றி நம் மூத்தோர் இன்றும் சொல்லி மகிழ்வர். அக்குதிரையைப் படம் பிடித்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். அவர் பெயர் எம். கர்ணன்.

1963ஆம் ஆண்டில் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'கற்பகம்' என்னும் குடும்பப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் இவரே. கே. ஆர். விஜயா கதாநாயகியாக அறிமுகமான படம் அது. வீட்டுக்குள் முகங்களின் மீது ஒளி பாய்ச்சிய அக்கை, பின்னர் வெட்டவெளியை நாடிற்று. 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்களைக் கர்ணன் தாமே இயக்கினார்.

1964இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனி, ஸ்பெயின் நாட்டு வறண்ட நிலத்தை அமெரிக்க மேற்காகக் காட்டிச் சிறு செலவில் ஒரு படம் எடுத்து உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். தமிழ்க் குதிரைப் படங்கள் அவ்வழியில் வந்தவையே. பணம் குறைந்தவனுக்கு மாளிகை அரங்கு ஏது? மலையும் மணலும் அவனுக்கு அரங்கு. கதிரவனே கூலி கேளாத விளக்கு. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்புக் கண்ணாடியொன்றை வில்லைக்கு முன் வைத்தால் நீலவானம் கறுக்கும், வெண்முகில் பளிச்சிடும். காமிராவைத் தரையோடு தாழ்த்தினால் சாதாரணக் குதிரையும் மலைபோல் எழும். பொருட் குறையை அறிவினால் ஈடுசெய்வதே இத்தொழிலின் நுட்பம்.

குறையை மறைப்பது வரலாறாகாது. 1980இல் வந்த 'ஜம்பு'வில் பெண்ணுடலைக் காட்சிப் பொருளாக்கிக் கூட்டம் சேர்க்கும் போக்கு மிகுந்திருந்தது. தொழில் நுட்பம் அதற்கு மன்னிப்பாகாது. பெண்ணின் மானத்தை மதிக்கும் சமுதாயம் அதைக் கண்டிக்கவே வேண்டும். ஆயினும், கண்டிப்பதற்கும் பெயரை மறப்பதற்கும் தொடர்பில்லை. ஒருவனுடைய பிழைக்கு அவன் பெயரைச் சுட்டுகின்ற நாம், அவன் உழைப்புக்கும் அதே பெயரைச் சுட்டுவதன்றோ நீதி?

கர்ணன் 2012ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 2010இல், சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்ற படத்தில் அக்காலத்துத் தொப்பியையும் துப்பாக்கியையும் நகைச்சுவையோடு மீண்டும் காட்டினார். ஒரு மரபு உயிரோடிருந்தாலன்றோ அதைக் கேலி செய்யவும் முடியும்!

பால் வெட்டியவன் பெயர் ரப்பர்க் கட்டியில் இல்லை. குலை அறுத்தவன் பெயர் எண்ணெய்ப் போத்தலில் இல்லை. அதன் வலியை அறிந்த தோட்டத்து மக்களாகிய நாமாவது, படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும்பொழுது பேச்சை நிறுத்தி அவற்றை வாசிப்போமாக. அது அவர்களுக்கு நாம் போடும் ஒரு நாட்பேராகும்.